கோமகனின் கோட்டையைத் தேடிப் பூநகரிக்கு

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, போர்த்துக்கேயர் கட்டிய பூநகரிக் கோட்டைக்குப் போனேன். ஊர் சுற்றும் ஆசையில் அல்ல. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் மாதா கோயில் கூத்துக்கு மேடைக்குப் பின்னால் தொங்கும் சீன் திரைகளைக் கீறுபவன், வரைபவன் நான். இந்த முறை கதை, பழைய ஐரோப்பியக் கோமகன் ஒருவனுடையது. அவனது கோட்டை செழிப்பாக இருந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படிக் கீற வேண்டும். இணையத்தைப் பார்த்துக் கீறிய இரண்டையும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் "இது கோட்டை மாதிரி இல்லை" என்று தள்ளிவிட்டார். மூன்றாவதும் பிழையாகிப் போனால் வெறும் நீலத் துணியைக் கட்டி ஆடுவாராம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வரை பஸ். அங்கிருந்து பூநகரி ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். அடுத்த பஸ்ஸைத் தவறவிட்டு, ஓட்டோவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா கொடுத்தேன்.

"கோட்டையோ? அதுக்குள்ள என்னத்தைப் பாக்கப் போறியள்?" என்றார் ஓட்டோக்காரர்.

அவர் கேட்டது நியாயம்தான். சதுரமாக, கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிய சுவர், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம், நடுவே புல். கூரை எங்கே இருந்தது, ஆட்கள் எங்கே படுத்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. ஓட்டோக்காரர் இரண்டு மாடி இருந்திருக்கும் என்றார். மாடு சாய்த்து வந்த அம்மா ஒருவர் மறுத்தார்.

"மாடியெல்லாம் இல்லைத் தம்பி. ஓட்டுக்கூரை எண்டுதான் சொல்லுவினம்."

கண்ணில் பட்டதைக் கீறி வட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே அண்ணாவியார் அழைத்தார்.

"சுவர் நல்லாயிருக்கு. மணி எங்கை?"

"கோட்டைக்கு ஏன் மணி அண்ணாவியார்?"

"மணி இல்லாமல் கோட்டையே? இடப்பக்கம் மூண்டடுக்குக் கோபுரம், அதில மணி. வாசலுக்கு மேல வட்டமாய் நீலமும் சிவப்புமாய்க் கண்ணாடி. முந்தின சீனில அப்பிடித்தானே இருந்தது."

கோமகன் கூத்துக்கு முன்பு கட்டிய அந்தச் சீன் சுனாமியோடு போய்விட்டது. ஆனால் அவர் சொன்ன கோபுரத்தை நான் அறிவேன்.

"அண்ணாவியார், அது சுனாமியில போன எங்கட பழைய கோயில் எல்லோ?"

அந்தச் சீனுக்கு முன்னால் பல வருடம் கோமகனாக ஆடியவர் அவர். முன்பு கீறியவரும் கோட்டை எதையும் கண்டிருக்க மாட்டார். தெரிந்த பெரிய கட்டடத்தைக் கீறி, மேலே இரண்டு கொடி நட்டிருக்கிறார்.

"அப்ப கோமகன் எங்கை இருந்தவன்?" என்றார் குழம்பிப்போய். பிறகு மெதுவாக, "அந்தக் கோயிலையே கீறும் தம்பி" என்றார்.

போகிறவர்கள் தண்ணீரும் குடையும் கொண்டு போங்கள், நிழல் கிடையாது. திரும்பும் பஸ்ஸை முதலிலேயே விசாரித்து வையுங்கள். கோட்டை அன்று எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்க வேண்டாம், போவதற்கு முன்பு இருந்ததைவிட இப்போது குழப்பம் கூட.

கூத்தன்று, பழைய கோயிலின் மணிக்கோபுரத்தோடு சீன் விரிந்தது. கோமகன் இன்னும் மேடைக்கு வரவில்லை. முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.