படித்துறையில் ஒரு ஜோடி செருப்பு

இசக்கி அண்ணாச்சி போய்விட்டார். நேற்று காலை... ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

பாளையங்கோட்டையில் ஃப்ளெக்ஸ் அடித்த யாருக்கும் அவரைத் தெரியாமல் இருக்காது. கோயில் கொடை விழா, சர்ச் அசன விருந்து, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி... எல்லாம் அவர் டிசைன். அவர் கம்ப்யூட்டரில் உட்காருவார், நான் பக்கத்து ரூமில் பிரிண்டிங் மெஷின் பார்ப்பேன். ரொம்ப வருஷம் அப்படித்தான் ஓடியது.

எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் என்றெல்லாம் சொல்ல முடியாது. வேலை நேரத்தில் அவர் பேச மாட்டார், நான் பேசாமல் இருக்க மாட்டேன்.

கொடை ஃப்ளெக்ஸுக்கு ஊரில் இருக்கிற அத்தனை பேரும் போட்டோ கொண்டு வருவார்கள். "அம்மன் நிக்கதுக்குக் கொஞ்சம் எடம் விடுங்கவே, கொடை அவளுக்குத்தான்" என்பார் அண்ணாச்சி. சிரிக்காமல்தான் சொல்வார்.

சரி, செருப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

சுடுகாட்டுப் பக்கம் ஆற்றில் ஒரு படித்துறை இருக்கிறது. மேலே பார்த்தால் சாதுவான தண்ணீர். படி முடிகிற இடத்தில் மணல் அள்ளிய பள்ளம். உள்ளூர்க்காரன் இறங்க மாட்டான். காலேஜ் பசங்க, திருச்செந்தூர் போகிற வழியில் வேனை நிறுத்திக் குளிக்கிறவர்கள்... இவர்கள்தான் மாட்டுவார்கள். செத்தவர்களில் பாதிப் பேருக்கு போஸ்டர் டிசைன் பண்ணினது அண்ணாச்சிதான்.

முதலில் அங்கே ஒரு எச்சரிக்கை போர்டு வைத்தார். மண்டை ஓடு, சிவப்பு எழுத்து எல்லாம் போட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். ஒருத்தர் அதன் மேல் துண்டைக் காயப்போட்டுவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்.

"துணி காயப்போட நல்ல கம்பு நட்டுருக்கேன்வே" என்றார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகு ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். இங்கே காலேஜில் படித்த மகன், முந்தின நாள் அதே படித்துறையில் போய்விட்டான். போஸ்டருக்கு போட்டோ காட்ட போனை எடுக்கணும், கையிலிருந்த கேரி பேகை டேபிளில் வைத்தார். உள்ளே ஒரு ஜோடி செருப்பு.

"கரையில இது மட்டுந்தான் கெடந்துச்சு... வீட்டுக்குக் கொண்டுபோனா அவன் அம்ம பாத்துருவா. தூரப் போடவும் மனசு வரல."

அண்ணாச்சி போஸ்டரை முடித்துக் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு பெயின்ட் டப்பாவோடு ஆற்றுக்குப் போனார். மேல்படியில், எல்லாரும் செருப்பைக் கழற்றுகிற இடத்தில், ஒரு ஜோடி செருப்பு வரைந்தார். அசல் சைஸ். தேய்ந்த குதிகால், ஒரு பக்கம் லேசாகப் புரண்டு கிடக்கிற மாதிரி. நிழலை மட்டும் ஒரு பக்கமாக நீளமாக இழுத்தார்.

எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்டேன்.

"பயலுவ சாயங்காலம்தான்வே வருவானுவ. அந்நேரத்து நிழலுதான் போடணும். இல்லன்னா படம்னு கண்டுபிடிச்சிருவான்."

அன்றைக்கு சாயங்காலமே இரண்டு பசங்க பைக்கில் வந்தார்கள். சட்டையைக் கழற்றிக்கொண்டு இறங்கப் போனவன் நின்றான். செருப்பைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். "யாரு செருப்புலே இது? ஆளக் காணோம்..." என்றான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

அண்ணாச்சி எதிர்த்த மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அவன் கேட்டாம்லா... அது போதும்" என்றார்.

அபசகுனம் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அங்கே யாரும் சாகவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒருத்தன் போனான், அக்கரை வழியாக இறங்கியவன். அவனுக்கும் அண்ணாச்சிதான் போஸ்டர் பண்ணினார்.

மழைக்காலத்தில் வெள்ளம் வந்து அழித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் திரும்பப் போய் வரைவார். ஒவ்வொரு தடவையும் மாடல் மாறும். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது பசங்க காலையே பார்த்துக்கொண்டிருப்பார். "இப்ப எவம்வே நீல வார் போடுதான்? பழைய மாடல்னா பயலுவ ஏமாற மாட்டானுவ."

நேற்று சாயங்காலம் எடுத்தார்கள். ஒரே மகள். மருமகன்தான் கொள்ளி வைத்தார். சென்னைக்காரர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

தகனம் முடிந்து குளிக்கணும். நாங்கள் பின்னால் பேசிக்கொண்டே வந்தோம். மருமகன் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். பக்கத்தில் இருக்கிற படித்துறை அதுதானே... நான் பின்னாலேயே ஓடினேன்.

மேல்படியில் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். மேற்கே வெயில் சாய்ந்திருந்தது, எங்கள் நிழலும் அந்தச் செருப்பின் நிழலும் ஒரே பக்கமாக விழுந்து கிடந்தன.

"அங்கிள்... இது யாரோட செருப்பு? யாராவது உள்ள இறங்கியிருக்காங்களா?"

நான்தான் சொன்னேன், "யாருமில்ல மாப்ள. பாத்து, பைய மேல வாங்க. அங்கன அடுத்த படித்துறையில குளிப்போம்."

அங்கே இடுப்பளவு தண்ணீர்தான். மூன்று முங்கு முங்கி எழுந்தார்.

அண்ணாச்சி... உங்க மருமகன் பத்திரமாகக் கரையேறிவிட்டார். போய்ட்டு வாங்க.