அனுராதபுரத்துப் பெண் மூன்று

முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்பு வரை மட்டும் படித்தவள். சரித்திரப் பாடத்தில் எனக்கு நல்ல புள்ளி வந்ததே இல்லை. நாலு பேர் முன்னால் எழுந்து பேசச் சொன்னால் பின் வரிசைக்குப் போய்விடுவேன். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு பேரரசரைப் பற்றி எழுத நீ யார் என்று கேட்பீர்கள். அவரைப் பற்றிப் போட்ட நாடகத்தில் பத்து விநாடி ஓட வேண்டியவள், அவ்வளவுதான். ஆனால் வாயால் சொல்லாத கோபம் உள்ளேயே கிடக்கிறது. அதைப் பேப்பரில் போடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இந்த முறை பெரிய நாடகம் என்று முடிவானது. தஞ்சாவூரில் பெரிய கோயிலைக் கட்டிய சோழ மன்னரின் வாழ்க்கை. எழுதி இயக்கியவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை, நியூசிலாந்தில் இந்த ஆக்லாந்துக்கு வந்து மூன்று வருடம். கெட்டவர் இல்லை. என் கணவருக்கு வேலை போனபோது விண்ணப்பமெல்லாம் அவர்தான் உட்கார்ந்து எழுதித் தந்தார். மனுரேவாவில் இப்போதிருக்கும் கிடங்கு வேலை அப்படிக் கிடைத்ததுதான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. ஏசிவிட்டுப் போயிருப்பேன்.

பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒத்திகை. முதல் நாளே பாத்திரங்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லோரும் அரசிகள், தோழிகள், தஞ்சாவூர்ப் பெண்கள். எங்கள் ஆட்கள், அதாவது யாழ்ப்பாணத்து ஆண்கள், ஒருவர் விடாமல் சோழப் படைவீரர்கள். என் கணவரும்தான். யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஐந்து பேருக்கும் கடைசி வரியில் இடம்: அனுராதபுரத்துப் பெண் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நான் மூன்று.

"அக்கா, உங்களுக்கு டயலாக்கே கிடையாது, பயப்படாதீங்க," என்றார் இயக்குநர். "சோழப் படை இலங்கையில இறங்கி அனுராதபுரத்தை எரிக்குது. படை இந்தப் பக்கம் வரும், நீங்க மூட்டையோட அந்தப் பக்கம் கத்திக்கிட்டே ஓடிடுங்க. பத்து செகண்ட்தான்."

"ஏன் தம்பி எங்களை..." என்று தொடங்கினேன். முடிக்க வரவில்லை.

"நீங்கல்லாம் சிலோன்தானேக்கா. நேச்சுரலா இருக்கும்."

எனக்குப் பக்கத்தில் நின்றவர் பெண் நான்கு. மனுரேவாவில் டேரி வைத்திருக்கிறார், பாலும் பாணும் விற்கிற சின்னக் கடை. வாய் நீளம். "ஓம் தம்பி, ஓடின அனுபவம் இருக்கு. சர்டிபிகேட் கொண்டு வரவோ?" என்றார்.

"ஐயோ அக்கா, சூப்பர்!" என்று அவர் கைதட்டிச் சிரித்தார். அது பகிடி என்றே நினைத்துவிட்டார்.

"எல்லாருக்கும் பட்டு, எங்களுக்குக் கிழிஞ்ச சீலை," என்றார் அந்த அக்கா என் காதுக்குள். "என்ர வீட்டிலை கிழிஞ்ச சீலை இல்லையடி. புதுசு வாங்கித்தான் கிழிக்கோணும்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பஞ்சுத் தலையணையைச் சுற்றிய மூட்டையை வாங்கி, சொன்னபடி ஓடினேன். "இன்னும் கத்துங்கக்கா!" என்றார்கள். கத்தினேன்.

காரில் ரானுயியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது கணவரிடம் எனக்கு இது பிடிக்கவில்லை என்றேன். அவர் அன்று முதன்முதலாகத் தீப்பந்தம் பிடித்த சந்தோஷத்தில் இருந்தார். ஆரஞ்சு நிறத் தாளுக்குள் சின்ன லைட் எரிகிற பந்தம்.

"இது கலையப்பா. நீர் எல்லாத்தையும் மனசிலை கொண்டுபோய் வைக்கிறீர். ஆயிரம் வருசத்துக்கு முந்தின கதை."

"ஊரை எரிக்கிறதுதானே."

"ஓடினது சிங்களவரின்ர ராசா. வெண்டது எங்கட ராசா."

"எங்கட ராசா எண்டால் நான் ஏன் ஓடுறன்?"

அவர் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார்.

ராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணமே கிளம்பியபோது இந்த மனிதரும் நானும் ஒரே நாளில், ஒரே வீதியால் ஊரை விட்டு நடந்தவர்கள். அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார், அதில் அவருடைய தகப்பன். நான் அம்மாவோடு. எனக்கு இருபத்தொரு வயது, மழை. இப்போது அவர் தீப்பந்தத்தோடு வரவும் நான் அவருக்குப் பயந்து ஓடவும் வேண்டும், சனிக்கிழமை தோறும், ஆறு கிழமைக்கு.

நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு தட்டு இருக்கிறது. அங்கே அந்த மன்னரைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். வேலைக்குப் போகும் ரயிலில் படித்தேன். ஒன்றைச் சொல்ல வேண்டும், அவர் சாதாரண ஆள் இல்லை. அண்ணனைக் கொலை செய்துவிட்டார்கள். இவர் உடனே சிம்மாசனத்தில் ஏறவில்லை, சிற்றப்பன் ஆண்டு முடியும்வரை பொறுத்திருந்தார். முடி சூட்டிய பிறகு நிற்கவில்லை. சேரனுடைய கப்பல்கள், பாண்டியன், கங்கர் நாடு, ஈழம், கடைசியில் கடலுக்குள் கிடக்கும் தீவுகள்வரை. நிலத்தை எல்லாம் அளக்க வைத்தார். அந்தக் கோயிலைக் கட்டினார். படிக்கும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் நானும் அந்தப் பெருமையோடு வளர்ந்தவள்தான்.

பிறகு அனுராதபுரம் வந்தது. எத்தனையோ நூறு வருடம் தலைநகராக இருந்த ஊர். படை வந்தது, நகரம் அழிந்தது, அரசன் தெற்கே ஓடினான். ஒரு வரி. கோயிலின் உயரத்துக்கும் நிழலுக்கும் நாலு பக்கம், ஒரு நகரத்துக்கு ஒரு வரி. ஓடிய அரசனைப் பின்னர் இவருடைய மகன் பிடித்து, முடியோடு சோழ நாட்டுக்குக் கொண்டுபோனார். அவன் அங்கேயே செத்தான். ஈழத்துக் கிராமங்களின் விளைச்சலைத் தஞ்சாவூர்க் கோயிலுக்கு எழுதி வைத்தார்கள். எல்லாம் பெருமையாகவே எழுதியிருந்தது. நான் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற வேலை செய்கிறேன். அறுபது பேருக்குப் படுக்கை மாற்றினால் எவ்வளவு துணி என்று எனக்குத் தெரியும். கடல் தாண்டி வந்த படை எங்கே படுத்தது, யாருடைய நெல்லைத் தின்றது? அதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு சொல் இல்லை. புத்தகத்தை மூடினேன். ரயிலில் பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தமாக மூடியிருக்கிறேன்.

இயக்குநரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை போனில் எழுதி மூன்று முறையும் அழித்தேன். நாலாவது ஒத்திகையில் தேநீர் இடைவேளையில் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, அந்த எரிக்கிற இடத்தை எடுக்க ஏலாதோ?"

"அக்கா! ஆடியன்ஸ் கைதட்டப்போறதே அங்கதான். புகை மெஷினுக்கு வேற சொல்லி வச்சாச்சு." என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ சங்கடமாக இருந்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்: "போரே இல்லாம அவர் எப்படிக்கா மாமன்னர்?"

"சரி தம்பி," என்றேன். என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற சொல் அது.

அன்று எங்கள் மகளும் மண்டபத்துக்கு வந்திருந்தாள். இங்கே பிறந்தவள், பதினேழு வயது. நான் ஓடுவதைப் போனில் எடுத்து, வீட்டில் சாப்பாட்டு மேசையில் போட்டுக் காட்டினாள்.

"அம்மா, யூ ரன் லைக் எ டக்!"

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இதில் மற்ற எல்லோர்மேலும் உள்ள கோபத்தைவிட அந்தச் சிரிப்புக்காக என்மேல் உள்ள கோபம்தான் பெரிது. நாங்கள் எப்படி ஊரை விட்டு வந்தோம் என்று அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளை, பிறகு சொல்லலாம் என்று பதினேழு வருடம் போய்விட்டது. இப்போது அவள் முதன்முதலாகப் பார்க்கப்போவது இதுதான். அம்மா மூட்டையோடு வாத்து மாதிரி ஓடுவாள், முந்நூறு பேர் கைதட்டுவார்கள், அவளும் தட்டுவாள். அதற்குப் பிறகு உண்மையில் நடந்ததை எந்த வாயால் சொல்வது?

விழாவன்று மண்டபம் நிறைந்துவிட்டது. மகள் மூன்றாவது வரிசையில், போனைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். எங்கள் நாடகங்களில் யாரும் மேடையில் பேசுவதில்லை. வசனம், முரசு, அழுகை, ஒத்திகையில் நாங்கள் கத்திய கத்தல் எல்லாவற்றையும் முதலிலேயே பதிவு செய்துவிடுவார்கள். மேடையில் வாயை மட்டும் அசைக்க வேண்டும். பதிவு ஓடத் தொடங்கினால் யாருக்காகவும் நிற்காது. அதனால்தான் பத்து விநாடி என்றால் பத்து விநாடி.

முரசு அடித்தது. புகை வந்தது. பெண் ஒன்றும் இரண்டும் ஓடினார்கள். அடுத்தது நான். ஓடத்தான் இறங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். மேடை நடுவுக்கு வந்ததும் கைதட்டல் தொடங்கியது. கால் நின்றுவிட்டது.

மூட்டையைக் கீழே வைத்தேன். திரும்பி, இல்லாத கதவின் இரண்டு பலகையையும் இழுத்துச் சாத்தினேன். கொண்டியைப் போட்டேன். பூட்டைக் கொளுவி அழுத்தினேன். ஊரை விட்ட அன்று அம்மா செய்தது போல இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். சாவியைச் சீலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஓடவில்லை. எங்கள் ஊரில் யாரும் ஓடவில்லை. அத்தனை சனம் ஒரே வீதியில் நின்றால் ஓட முடியாது.

தீப்பந்தத்தோடு முதல் ஆளாக வந்தவர் என் கணவர். என் கை செய்ததை எல்லாம் பார்த்துவிட்டார். அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த வீரர்கள் அவர்மேல் முட்டினார்கள், ஒருவருடைய கேடயம் விழுந்து உருண்டது. அதற்குள் பதிவு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. ஈழம் என் காலடியில் என்று அரசருடைய குரல் ஸ்பீக்கரில் முழங்கியது. அரசரோ திரைக்குப் பின்னால், முட்டிக்கொண்டு நின்ற வீரர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றார். பெண் நான்கும் ஐந்தும் வரவில்லை; மேடையில் அசைந்தது நான் மட்டும், மூட்டையோடு, மெதுவாக.

வலது பக்கத்தில் சிரிப்பு எழும்பியது. இடது பக்கத்தில், எங்கள் ஆட்கள் கூடுதலாக இருந்த பக்கத்தில், கைதட்டல் நின்றுபோயிருந்தது. நான் இறங்கிய பிறகு பதிவைத் திருப்பிப் போட்டு அரசரைக் கொண்டுவந்தார்கள். ஈழத்தை அன்று இரண்டு முறை பிடித்தார்கள்.

"என்னக்கா பண்ணீங்க? ராஜா என்ட்ரியே போச்சு!" இயக்குநருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆறு கிழமை உழைப்பு அவருக்கு.

"வீட்டைப் பூட்டினனான்," என்றேன்.

"என்னது?"

"வீட்டைப் பூட்டாமல் ஒருத்தரும் வெளிக்கிடுறேல்லை தம்பி."

"ஸ்கிரிப்ட்ல வீடே இல்லையேக்கா!"

"அதுதான் தம்பி."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கோயில் காட்சிக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். பெண் நான்கு என் மூட்டையை வாங்கிக்கொண்டார். அவரும் அன்று பகிடி விடவில்லை.

காரில் மகள் பின் சீட்டிலிருந்து கேட்டாள். "வாட் வேர் யூ டூயிங் வித் யுவர் ஹேண்ட்ஸ், அம்மா?"

சொன்னேன். பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து ரானுயி வரும்வரை சொன்னேன். ஷெல் விழுந்தால் கதவே மிஞ்சாது, ஏன் பூட்டுகிறாய் என்று அம்மாவைக் கேட்டதையும், அதற்கு அவர் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்ததையும் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. சில இடங்களில் கோபத்தில் கத்தினேன், யாரிடம் என்று தெரியவில்லை. கணவர் ரேடியோவைப் போடவில்லை. இடையில் ஒரு முறை மட்டும், வீதியைப் பார்த்தபடி, "எங்கட வீட்டுக்கு ரெண்டு பூட்டு," என்றார்.

"சோ ஹூ ஹாஸ் த கீ?" என்று மகள் கேட்டாள்.

"தெரியாது," என்றேன். உண்மையிலேயே தெரியாது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. முதியோர் இல்லத்தில் எனக்குக் காலை வேலை. பத்து மணிக்குச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாடகத்தின் வீடியோ வந்தது. பெண் ஒன்றும் இரண்டும் ஓடுகிறார்கள், உடனே அரசர் வருகிறார். நடுவில் இருந்ததை வெட்டியிருந்தார்கள். நான் நாலாவது சலவை மெஷினில் படுக்கை விரிப்புகளைப் போட்டேன்.