ஸ்பீக்கர் பாக்ஸின் எட்டாவது மூலை

போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் தன் கையால் செய்த இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்கு நானும் அவனும் உட்கார்ந்து கார்னர் அடித்தோம். கார்னர் என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு தகடு. கிண்ணம்போல் குழிந்து, மூன்று பக்கமும் ஸ்க்ரூவுக்குத் துளையோடு பளபளவென்று இருக்கும். ஒரு பாக்ஸுக்கு எட்டு மூலை, எட்டு கார்னர்.

அண்ணனுக்கு மைக்செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில், சாவு எல்லாவற்றுக்கும் அவன் பாக்ஸ்தான் எங்கள் பக்கத்துத் தெருக்களில் போகும். குட்டியானை வண்டியில் ஏற்றி இறக்கும்போது பிளைவுட்டின் முனைதான் முதலில் அடிபடும். முனை பிளந்தால் அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கிப் பலகை ஊதிவிடும். பழைய பாக்ஸ்கள் அப்படித்தான் போயின. இந்த முறை தச்சரிடம் கொடுக்காமல் அவனே பலகை அறுத்து, பசை போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்து, கார்னரும் வரவழைத்திருந்தான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இதை எங்கே சொன்னாலும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்வேன். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். "எந்தங்கச்சி கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல வேல செய்யுது" என்று எல்லோரிடமும் சொல்வான். 'பக்கத்துல' என்பதை மட்டும் கொஞ்சம் மென்று விழுங்குவான். சமீபமாக அவன் பேச்சே சத்தமாகியிருந்தது. என்னைப் பற்றிப் பேசுகிற பெருமையில் குரல் ஏறுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலை நடந்தது. முனையை உப்புக் காகிதத்தால் தேய்த்து உருட்டினால்தான் கார்னர் உள்ளே பொருந்தி உட்காரும். அவன் தேய்ப்பான், நான் கார்னரைப் பிடித்துக்கொள்வேன், அவன் டிரில் போட்டு ஸ்க்ரூவை இறுக்குவான்.

"ஆபீசரம்மா, வெரல எடு. ஓட்ட போட்டுட்டேன்னா அப்புறம் கையெழுத்து போட முடியாது."

"நீ ஒழுங்கா போடு. நான் எதுக்கு எடுக்கணும்?"

அவன் பதில் சொல்லவில்லை. டிரில் சத்தத்தில் கேட்டிருக்காது என்று விட்டுவிட்டேன். டிரில் அப்போது நின்றுவிட்டிருந்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது பாக்ஸின் கடைசி கார்னரை முடுக்கும்போதே அம்மா கற்பூரத்தட்டோடு வந்துவிட்டாள். புது பாக்ஸுக்கு முதல் வேலை நல்ல காரியமாக இருக்க வேண்டும். மறுநாள் காலையில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், அதற்குத்தான் இந்த அவசரம். போவதற்குமுன் பாக்ஸுக்கு மஞ்சள் குங்குமம் வைப்போம். பொட்டு வைத்துவிட்டால் முதல் வேலை முடிந்து வீடு திரும்பும்வரை அதன்மேல் ஸ்க்ரூடிரைவர் படக் கூடாது. அதனால் எப்போதும் பாடவிட்டுப் பார்த்த பிறகுதான் பொட்டு.

"இரும்மா, இன்னும் டெஸ்ட் பண்ணல" என்றேன்.

"ராகு காலம் வந்துடும்டி. அது முடியறதுக்குள்ள இருட்டிடும். இத்தினி வருசமா செய்றான், அவனுக்குத் தெரியாதா?"

இரண்டு பாக்ஸிலும் எல்லா மூலைக்கும் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினாள். அதன் பிறகு அண்ணன் ஒயர் கொடுத்து, பம்பை மேளப் பதிவு ஒன்றைப் போட்டான்.

முதல் பாக்ஸ் நன்றாகப் பேசியது. இரண்டாவதில், பம்பையின் அடி கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு 'ர்ர்ர்' வந்தது. தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. நான் ஒவ்வொரு மூலையாகத் தொட்டுக்கொண்டே போனேன். கீழே வலப்புறம், கடைசியாக அடித்த கார்னர். அதைக் கட்டைவிரலால் அழுத்தினேன். சத்தம் நின்றது. விட்டேன், வந்தது.

அண்ணனைப் பார்த்தேன். பாக்ஸுக்கு நேராக, கையைக் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"எப்டிக் கீது? சூப்பரா இல்ல?"

நான் அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன். விட்டேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன். அந்த முகத்தில் எதுவும் மாறவில்லை.

பாக்ஸில் ஒரு சின்ன 'ர்ர்ர்' வந்தாலும், தெருக்கோடியில் நின்றபடி "எந்த ஸ்க்ரூ லூஸு" என்று கேட்கிறவன் அவன். அந்தக் காதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. நான் படித்ததும் அந்தக் காதால்தான்.

"அண்ணா, இந்த கார்னர் கோணலா இருக்குது. கழட்டி மாட்டலாம்" என்றேன்.

அம்மா பாய்ந்தாள். "பொட்டு வெச்சத கழட்டுவியா? படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது? கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுது. கல்யாணமா பண்ணப் போறோம் அதுக்கு?"

அண்ணன் குனிந்து கார்னரைப் பார்த்தான். அது கோணலாக இல்லை. அவனுக்கு அது தெரியும். அளந்து வைத்தவன் அவன். பிறகு, கார்னர்மேல் இருந்த என் கட்டைவிரலைப் பார்த்தான். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

அம்மாவுக்குக் கேட்காதபடி, அல்லது அவன் அப்படி நினைத்துக்கொண்டு, கேட்டான். "சத்தம் வருதா?"

தலையாட்டினேன்.

"எப்டி வருது?"

"வண்டு மாதிரி."

"ஜாஸ்தியாவா?"

"ம்."

பம்பை அடித்துக்கொண்டே இருந்தது. அவன் உள்ளங்கையை பாக்ஸின் பக்கவாட்டில் வைத்தான். அடி அவன் கைக்கு வந்திருக்கும். வண்டு வந்திருக்காது. கையை எடுத்துக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"கோணலாத்தாம்மா கீது" என்று அம்மாவிடம் உரக்கச் சொன்னான். "நாந்தான் கவனிக்கல."

நான் சொன்ன பொய்யை அவன் அப்படியே வாங்கித் தன்மேல் போட்டுக்கொண்டான். அம்மா இன்னும் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவனுக்கு நேர் எதிரே போய் நின்று, அவன் கையைத் தொட்டு, "சரி, கழட்டிக்கோ. நான் வேற பொட்டு வெச்சிக்கிறேன்" என்றாள். சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூட அம்மா கொஞ்ச காலமாக இப்படித்தான் அவன் எதிரே போய் நிற்கிறாள். பிள்ளைமேல் திடீர்ப் பாசம் என்று கிண்டல் செய்திருக்கிறேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

அந்த முனையை அவசரத்தில் சரியாக உருட்டவில்லை. தகடு உட்காராமல் முடி அளவு இடைவெளி நின்றிருந்தது. மறுபடி தேய்த்து, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி அடியில் கொடுத்து முடுக்கினான். பாடவிட்டான். இந்த முறை அவன் பாக்ஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

தலையாட்டினேன்.

மறுநாள் நான் விடுப்பு போட்டுக் கோயிலில் அவன் மிக்ஸர் பக்கத்தில் நின்றேன். எங்களுக்குள் எதுவும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. சரியாக இருந்தால் தலையாட்டுவேன். கூச்சல் ஏறினால் கண்ணை மூடித் திறப்பேன், அவன் விரல் குமிழைத் திருப்பிவிடும். கூழுக்குச் சொம்போடு வந்த எதிர்வீட்டுப் பெரியவர், "என்னாப்பா, ஆபீசரம்மாவையே வேலைக்கு வெச்சிட்டியா? சம்பளம் கட்டுப்படி ஆவுமா?" என்றார். அண்ணன் அவர் உதட்டைப் பார்த்துவிட்டு, ஒரு மூச்சு தாமதமாகச் சிரித்தான். சவுண்டு இந்த வருடம் நன்றாக இருந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் காலை முழுவதும் எனக்கு ஏதோ காப்பாற்றிவிட்டோம் என்று இருந்தது.

அடுத்த வாரம் அவனைக் காது பார்க்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான்.

கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவனை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வெளியே பரிசோதனை செய்கிற பெண்மணி மெஷின் முன் உட்கார்ந்தார், பக்கத்தில் நான். அவர் பொத்தானை அழுத்தும்போது மெஷினில் ஒரு சின்ன பச்சை விளக்கு எரியும். உள்ளே போகிற சத்தம் எங்களுக்குக் கேட்காது.

விளக்கு எரிந்தது. அண்ணன் விரலைத் தூக்கினான். மறுபடி எரிந்தது. தூக்கினான். எல்லாம் சரியாக வந்தது. எனக்கு நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்டது. வெறும் அழுக்காக இருக்கும், சொட்டு மருந்து போதும் என்று நினைத்தேன்.

அந்த அம்மா கையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க தலையாட்டுறீங்கம்மா. அவரு உங்களப் பாத்து தூக்குறாரு. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

நான் தலையாட்டியது எனக்கே தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கோயிலில் பார்த்த மாதிரியே. நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

பின்னால் பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது. விரல் உயர்ந்தால் அந்த அம்மா "ம்" என்பார். டிக், ம். டிக், ம். பிறகு டிக். டிக். டிக். சுவரில் குழந்தை படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட நேரம் பொத்தான் மட்டும்தான் கேட்டது.

வெளியே வந்த அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என் எதிரே நின்றான்.

"அஞ்சாவதுக்கு அப்புறம் எழுதுன ஒரே பரீட்ச. அதுலயும் பாத்து எழுதி மாட்டிக்கிட்டேன் பாரு" என்றான், வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

மெதுவாகப் பேசு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.