தாண்டாத கால்

எங்கள் கோச்சுக்கு வயிறு இருந்தது, விசில் இருந்தது, மூளை மட்டும் இல்லை. என் முதல் சீசன் முழுதும் கோட்டுக்கு வெளியே பியர் ரின்னும் கையுமாக நின்று எனக்கு வீரம் படிப்பித்த மனிதன் அவன். சீசன் முடிந்த அன்று எல்லோருக்கும் முன்னால் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னான். அடுத்த சீசனுக்கு முன் ஒரு தெரிவு ஆட்டம் வைப்பானாம். அதிலும் பிந்தினால் அணிக்குத் தண்ணீர் தூக்கலாமாம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இன்றைக்கு ஸ்டேஷன் வாசலிலேயே கொத்துரொட்டி மணக்கிற இந்த வெள்ளைக்கார ஊர் வென்ட்வேர்த்வில்லில் அப்போது கறிவேப்பிலைக்கும் வழியில்லை. கொழும்பில் பள்ளிக்கூடத்துக்கு ரக்பி ஆடியவன் என்ற தலைக்கனத்தோடு நான் அங்கத்தைய கிளப்பில் சேர்ந்தேன். கொழும்பில் ஓரத்தில் ஓடுகிற ஆள் நான். விழுந்து புரளுகிறவர்கள் எல்லாம் நடுவில் கிடப்பார்கள். இங்கே என்னை நடுவுக்கு இழுத்துவிட்டான் கோச். மற்ற அணிக்காரனை எங்கள் ஆட்கள் பிடித்து விழுத்துவார்கள். அவன் எழும்பிப் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள, அங்கே நிற்கிற ஒரு குட்டையன் அதை எடுத்து எறிவான், இல்லாவிட்டால் உதைப்பான். எறியவோ உதைக்கவோ முன்பு அவனைப் போய்ச் சாய்க்கவேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

அந்த அவ்வளவுதான் எனக்கு வரவில்லை. ஓட்டத்தில் என்னை மிஞ்ச அணியில் ஆளில்லை, ஆனாலும் நான் போய்ச் சேரும்போது பந்து போயிருக்கும், குட்டையன் என்னைப் பார்த்துப் பல்லிளிப்பான். கோச் கண்டுபிடித்த வைத்தியம், இடுப்பில் லொறி டயரைக் கட்டி மேட்டில் ஓடவிட்டது. நானும் மாடு மாதிரி இழுத்தேன். பச்சை முட்டை குடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிற அங்கிள்மார் என் வீங்கின கண்ணைப் பார்த்துவிட்டு, தம்பி எந்தச் சண்டையில் மாட்டினவர் என்று அப்பாவிடம் விசாரிப்பார்கள். அப்பா ரயில்வே கந்தோரில் கணக்கர். கடல் தாண்டி வந்து சேற்றில் புரளுகிறான் என்று பதில் சொல்லுவார். எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், நான் டயர் கோணல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தெரிவு ஆட்டம் எப்போது என்று ஞாயிறு மத்தியானம் ரெலிபோனில் சொல்வதாகக் கோச் சொல்லியிருந்தான். அந்த நேரம் பார்த்து அப்பா சோறு சாப்பிட்ட களையில் ஹோலில் தலையணையைப் போட்டுக் குறுக்கே படுத்துவிட்டார். ரெலிபோன் அவருக்கு அந்தப் பக்கம். மணி அடித்தது. நான் குசினிக்குள்ளால் ஓடி, பின்கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றி முன்கதவால் உள்ளே வந்தேன். கை வைக்க மணி நின்றது.

அப்பா கண்ணைத் திறந்து, பக்கத்து அறையில் நின்றவன் வளவைச் சுற்றி வந்தா ரெலிபோன் எடுக்கிறது என்று கேட்டார். எனக்கு உச்சியில் அடித்தது போலிருந்தது. கிடக்கிற ஆளைத் தாண்டினால் ஆள் வளராது, தாண்டிப்போட்டால் திரும்பித் தாண்டு; பாயில் வரிசையாகப் படுத்து வளர்ந்த எங்கள் வீட்டில் இதை அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பா. மைதானத்திலும் அதேதான். குட்டையனுக்கும் எனக்கும் நடுவில் எங்கள் ஆட்கள் விழுந்து கிடப்பார்கள். என் கால் அவர்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. சுற்றுகிறது என்று எனக்கே தெரியாது.

சொன்னதும் அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி மல்லாந்து படுத்தார்.

"நான் இனி வளர என்ன கிடக்கு? தாண்டு."

காலைத் தூக்கினேன், கீழே வைத்தேன். வெட்கக்கேடு. தலையணைகளை அடுக்கி வைத்துக் குதிரை போலத் தாண்டினேன், அது நன்றாகத்தான் வந்தது. தலையணைக்கு என்ன, வளர்த்தியா பார்க்கப்போகிறது? கோச்சிடம் இதைச் சொல்ல நான் என்ன விசரனா? அவனுடைய ஆட்கள் குள்ளமாகப் போய்விடுவார்கள் என்று சுற்றிப் போனேன் என்று சொல்லுவதைவிடப் பயந்தாங்கொள்ளியாகவே இருந்துவிடலாம்.

கோச் பிறகு திரும்ப எடுத்து நாளைச் சொன்னான். தெரிவு ஆட்டத்துக்கு அம்மாவின் கரைச்சலில் அப்பாவும் வந்தார். கழுத்தில் டை, கையில் குடை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கந்தோருக்கு வந்தவர் போல நின்றார். முதல் பாதி முழுதும் பழைய குருடி கதவைத் திறடி. கோச் தண்ணீர் வாளியைக் காட்டிக் காட்டிச் சிரித்தான்.

இரண்டாம் பாதியில், கடைகளுக்குப் பாண் போடுகிற வான் ஓட்டுகிற எங்கள் தடியன் ஒருவன், மாடு போல உடம்பு, மற்ற அணிக்காரனைச் சாய்த்துவிட்டு எனக்கு நேர் முன்னால் நீட்டிக் கிடந்தான். குட்டையன் பந்தை எடுத்தான். கோச் மைதானம் கேட்க என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கத்தினான். அப்பா பக்கத்தில் நிற்கிறார், அப்பாவுக்கு இங்கிலிஷ் நன்றாக விளங்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் தடியனுக்கு மேலால் பாய்ந்தேன். குட்டையன் ஒரு பக்கம் போனான், பந்து ஒரு பக்கம் போனது. விசில் அடித்தது. கோச் சந்தோஷத்தில் தொப்பியை மேலே எறிந்தான். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"டேய்! திரும்பித் தாண்டடா!"

அப்பாதான். வளர என்ன கிடக்கு என்று கேட்ட அதே பெரிய மனிதர், குடையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறார். கேளாதது போல நின்றிருக்கலாம், அங்கே தமிழ் தெரிந்த ஒரு நாயும் இல்லை. ஆனால் தடியன் இன்னும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். போனேன். வந்த வழியே அவனைத் திரும்பித் தாண்டினேன். மைதானமே சிரித்தது.

என்ன செய்கிறாய் என்று தடியன் கேட்டான். நீ வளரவேண்டும் என்பதற்காக என்று உண்மையைச் சொல்லி, மிச்சத்தையும் சொன்னேன். ஆறடிக்கு மேல் நீளமானவன் அவன். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கயிற்றடியில் நின்ற அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அப்ப போன சீசன் முழுக்க எங்களுக்காகவா சுற்றிப் போனாய்?"

அணியில் என் பெயர் வந்தது. டயர் கட்டி ஓடவிட்டுத் தான்தான் இவனுடைய பயத்தைத் தெளிவித்ததாகக் கோச் கிளப் முழுதும் பீற்றிக்கொண்டு திரிந்தான். பயந்தாங்கொள்ளி என்று சொன்னதை அந்த மண்டையன் கடைசிவரை திருப்பி எடுக்கவில்லை. தடியன் அவனோடு வாதாடப் போகவில்லை. அந்த சீசனில் நான் தனக்கு மேலால் பாய்ந்துபோன நேரமெல்லாம், திரும்பி வந்து தாண்டும்வரை எழும்பாமல் அப்படியே கிடந்தான்.