மூன்றாவது பொட்டலம்

என் வீட்டுக்காரரோடு குடித்தனம் நடத்தியது கோர்ட்டுக் கூண்டில் நின்ற மாதிரிதான். மழை வரும்போல இருக்கிறது என்றால், எதை வைத்துச் சொல்கிறாய் என்பார். எதிர்வீட்டு மருமகள் திமிர் பிடித்தவள் என்றால், நீ பார்த்ததா, யாராவது சொன்னதா என்பார். மன்னார்புரத்தில் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஆள் வராத மத்தியானங்களில் தத்துவப் புத்தகம் படித்துவிட்டு, ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து என் உயிரை வாங்குவார். "தோசைக்கு என்ன தொட்டுக்கறீங்கன்னு கேட்டா அதுக்கும் ஒரு விசாரணையா?" என்று நான் கத்தாத நாள் கிடையாது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாடிவீட்டு அம்மாள் சங்கிலியைக் காணோம் என்று வேலைக்கு வருகிற பெண்ணைப் பிடித்துக்கொண்டார். அவள்தான் எடுத்திருப்பாள் என்று நாங்கள் எல்லாருமே முடிவு கட்டிவிட்டோம். இவர் மட்டும், கடைசியாக எப்போது போட்டீர்கள், கழற்றி எங்கே வைத்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனார். அந்த அம்மாளுக்கே பேங்க் லாக்கர் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகும் எங்கள் கட்டிடத்தில் தலைநிமிர்ந்து வேலை பார்த்தாள்.

போன வருஷம் அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. முற்றிப்போய்விட்டது. மருந்து ஏற்றினால் சில மாதம் கூடலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். தொட்டியத்திலிருந்து என் நாத்தனார் ஓடி வந்தாள். அங்கே பக்கத்தில் ஒரு வைத்தியர் பொடி கொடுக்கிறாராம், எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்களாம்.

"பிழைச்சவங்க வந்து சொல்றாங்க, சரி. பிழைக்காதவங்க யாரு வந்து சொல்லப் போறா?" என்றார் இவர். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் டொக்கென்று வைத்தேன்.

ஊசியா, பொடியா? எனக்குத் தூக்கமே போய்விட்டது. கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் கல்யாணம், மனை வாங்குவது எல்லாமே அப்படித்தான். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், வெளியே தெரியாதபடி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்போம். பூசாரி எடுத்துக் கொடுப்பதுதான் அவள் உத்தரவு. வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் வைத்தியர் என்று வேண்டிக்கொண்டேன். வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆட்டோவில் வந்து, கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். நூலைப் பிரிக்கப் போனேன்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் இவர், தூணோரம் இருந்தபடியே. "ரெண்டு பொட்டலம் கட்டியிருக்க. ரெண்டுலயும் நான் பிழைச்சுக்கறேன். மூணாவது ஒண்ணு இருக்கே, அதை ஏன் கட்டல?"

எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துவிடக் கூடாது என்றுதானே இரண்டோடு நிறுத்தியிருந்தேன். "வாயைக் கழுவுங்க!" என்று கத்தினேன். கோயிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். "பிரிக்கலையாம்மா?" என்று கேட்டார் பூசாரி. பொட்டலத்தைப் பூசாரியிடமே கொடுத்துவிட்டு இவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

ஊசியும் இல்லை, பொடியும் இல்லை. வலிக்கு மட்டும் மாத்திரை. அந்த மாதங்களில் நாங்கள் பேசியதுபோல முன்பு எப்போதும் பேசியதில்லை. கடையை யாருக்குக் கொடுப்பது, நான் தனியாக எங்கே இருப்பது, எதையும் ஒளிக்கவில்லை. சரியாகிவிடும் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நாட்களும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அதற்காக வயிறு எரியாமல் இருந்ததா? எரிந்தது.

ஒரு சாயங்காலம், எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தார். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்: "போற இடத்துல எனக்காகக் காத்திருப்பீங்களா?"

"தெரியலம்மா. அப்படி ஒரு இடம் இருக்கான்னே எனக்குத் தெரியல."

"அடப்பாவி மனுஷா! இப்பகூட எனக்காக ஒரு பொய் சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

அவர் கண்ணிலும் தண்ணீர். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "உன்னை விட்டுட்டுப் போக எனக்கு இஷ்டமே இல்ல. இது மட்டும் நல்லாத் தெரியும்."

அந்த வாரமே போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், பெருமாள் திருவடி சேர்ந்துட்டாரு, கவலைப்படாதீங்க என்றார்கள். தலையாட்டிக்கொண்டேன். எனக்குப் போதுமானதை அவர் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். வாழ்ந்த காலத்தில் ஒரே ஒரு தடவை என்னைத் தேற்றுவதற்காக அவர் பொய் சொல்லியிருந்தால்கூட, அந்த வார்த்தையை நான் இவ்வளவு முழுசாக நம்பியிருக்க மாட்டேன்.