ஒரு முத்துக்கு ஒரு ஆள்

எல்லையில் சண்டை நடந்த வருடம் எங்கள் வீட்டுக் கூடத்திலும் சண்டை நடந்தது. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஆறும் மலையும் கோட்டையும் வரைந்து, புளியங்கொட்டைகளைப் படையாக நிறுத்தியிருந்தேன். எங்கள் பக்கம் அதைப் புளியமுத்து என்போம். ஒரு முத்து ஆயிரம் பேர். எதிரணி என் மதினி. அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். அந்தக் கவலையில் சோறு இறங்காமல் கிடந்தவளைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் எனக்குத் தோற்கப் பிடிக்காது. கோட்டையைப் பிடிக்க முத்துகளைப் பிடிபிடியாக அள்ளிப் பலிகொடுப்பேன்.

மதினிக்குக் கணக்கு உதைத்தது.

“ஏட்டி, சங்கரங்கோயிலயும் கரிவலம்வந்தநல்லூரயும் சேத்தாலும் இத்தன ஆம்பள கெடையாது. எல்லாரும் சண்டைக்குப் போயிட்டா வயல்ல வேல பாக்க ஆளு ஏது? படைக்குச் சோறு எங்கருந்து வரும்?”

“வெளையாட்டுதான மதினி.”

“அப்பம் ஒரு முத்துக்கு ஒரு ஆளுன்னு வையி. வீட்டுக்கு ஒரு ஆளு.”

அப்படியே வைத்தோம். எங்கள் வீட்டு முத்து ஒன்று, பின்தெரு அண்ணாச்சி வீட்டு முத்து ஒன்று. அவர் மகனும் பட்டாளத்தில்தான் இருந்தான். அந்த இரண்டையும் மதினி கோட்டைக்குள்ளேயே வைத்திருப்பாள், நகர்த்தவே மாட்டாள். ஆட்டம் ஆமை வேகத்தில் போனது. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு சாயங்காலம், நம் தரப்பில் சேதம் குறைவு என்று ரேடியோவில் சொன்னார்கள்.

“கொறவுன்னா எத்தன முத்துட்டி?” என்றாள் மதினி.

“கொஞ்சம்தான் இருக்கும்,” என்றேன். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

சில நாளில் அண்ணன் நலம் என்று தந்தி வந்தது. மதினி அழுதுகொண்டே பாயசம் வைத்தாள். நல்ல செய்தி வந்தால் நாலு வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அண்ணாச்சி வீட்டுக்கு நான்தான் தூக்குச்சட்டியில் கொண்டு போனேன்.

வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே பெண்கள் மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், தூக்குச்சட்டியைப் பார்த்தார்.

“ஒங்கண்ணன் நல்லாருக்கானா மக்கா?”

தலையை மட்டும் ஆட்டினேன். சூடான சட்டியை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. நல்லவேளை நம் வீடு இல்லை என்று அந்த வாசலில் நின்றபடி ஒரு நொடி என் மனம் ஆறுதல்பட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

நான் வீடு திரும்பியதும் மதினி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சாக்பீஸ் கோட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, “அண்ணாச்சி வீட்டு முத்த எடுத்துருட்டி,” என்றாள்.

ஆயிரமாயிரமாக அள்ளி வீசிய எனக்கு அந்த ஒன்றை எடுக்கக் கை வரவில்லை.