ஸ்டேடியத்தின் தென்கிழக்கு மூலை

கட்டடம் கட்டுவது கொத்தனார் வேலை. கட்டலாம் என்று கையெழுத்து வாங்குவதுதான் எங்கள் வேலை. வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்க அனுமதி கேட்டு நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் பெஞ்சு தேய்த்தவர்களே, ஊரே உட்காரும் ஒரு பொது ஸ்டேடியத்துக்கு அனுமதி கேட்டால் என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடம் கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தரிசு. முன்பு வயல், பிறகு செங்கல் சூளைக்காக மண் தோண்டினார்கள், பிறகு குழிகளை மூடிப் போட்டுவிட்டார்கள். அங்கே ஆய்வு நடத்தி அறிக்கை கொடுக்க எங்கள் நிறுவனம் அனுப்பியது இரண்டு பேரை: என்னையும், என்னை அக்கா முறையில் 'சேச்சி' என்று கூப்பிடும் சர்வேயர் ஷிபுவையும்.

சத்தச் சோதனை

ஆட்டம் நடக்கும்போது சுற்றுவட்ட வீடுகளுக்கு எவ்வளவு சத்தம் போகும் என்று அளக்க வேண்டும். ஷிபு தரிசின் நடுவில் ஒலிபெருக்கி வைத்து, கூட்டம் ஆரவாரம் போடும் பதிவை ஓடவிட்டான். நான் மீட்டரோடு தென்கிழக்கு மூலையை ஒட்டிய வீட்டு முற்றத்தில் நின்றேன். வீட்டுக்காரி ஸ்டெல்லா அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், தனி ஆள். எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா தந்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

ஷிபுவைத் தவிர ஒரு மனுஷன்கூட இல்லாத புல்வெளியிலிருந்து கூட்டம் கத்துவதைக் கேட்க எனக்கே முதுகு சில்லிட்டது. "தொந்தரவா இருக்கா அக்கா?" என்று கேட்டேன். நாங்கள் அந்தப் பக்கம் கால் வைத்ததே அன்றைக்குத்தான். அவர் தரிசைப் பார்த்தபடியே சொன்னார்:

"இது சாரமில்ல, பரவால்ல மக்கா. நேத்து ஒருத்தன் தனியா ஒற்றைக்கு நின்னு விளிச்சதாக்கும் தாங்க முடியாம போச்சு."

சாயும் கம்புகள்

பார்வையாளர் காலரி எவ்வளவு உயரம் வரும் என்று ஊர்க்காரர்களுக்குக் காட்ட, எல்லையில் உயரமான கம்புகளை நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். மறுநாள் காலை வந்து பார்த்தால், தென்கிழக்கு மூலைக் கம்புகள் மட்டும் சாய்ந்திருந்தன. காற்றுக்குச் சாய்ந்தால் ஒரே திசையில் சாயும். இவை ஒரு வட்டமாக, நடுவில் எதையோ குனிந்து பார்ப்பதுபோல உள்நோக்கிச் சாய்ந்திருந்தன.

ஷிபு சிமென்ட் போட்டு மறுபடி நட்டான். மறுபடியும் சாய்ந்தன. மூடிய குழியில் மண் இறங்கும் என்று எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அந்த மூலைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. ஷிபு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சேச்சி, நட்டது நானாக்கும். சாய்ச்சது நான் இல்ல."

துளை

மண் பரிசோதனைக்குத் துளையிடும் வண்டி வந்தது. அந்த மூலையில் கொஞ்ச ஆழம் போனதும் கம்பி பிடிமானம் இல்லாமல் சர்ரென்று இறங்கியது. துளையிலிருந்து ஒரு காற்று மேலே வந்தது, ரொம்ப நேரம் அடக்கி வைத்த மூச்சை விடுவதுபோல. ஈரக் களிமண் வாடை. ஆபரேட்டர் வண்டியை அணைத்துவிட்டு விலகிப்போனார்.

ஸ்டெல்லா அக்கா வேலியைத் தாண்டி ஓடி வந்தார். அவருடைய கணவர் தேவதாஸ் இங்கே மண் வெட்டியவராம். ஒருநாள் வேலைக்கு வந்தவர் வீடு திரும்பவில்லை. வேறொருத்தியோடு தமிழ்நாட்டுக்குப் போய்விட்டான் என்று சூளைக்காரர் சொன்னார். ஊரும் அதையே சொன்னது. அவர் மண் வெட்டிய குழி மறுநாளே மூடப்பட்டிருந்ததை அக்கா மட்டும்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார். இப்போது துளைக்கருகில் மண்ணில் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"எங்கயும் போகல்ல மக்கா. எனக்க மாப்பிள இங்கதான் உண்டு."

கருத்துக் கேட்பு

அனுமதிக்கு முன்னால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். பஞ்சாயத்து ஹாலில் எல்லோரும் பார்க்கிங் பற்றியும் மழைத்தண்ணீர் பற்றியும் பேசினார்கள். ஸ்டெல்லா அக்கா எழுந்தார். ஸ்டேடியம் வேண்டாம் என்பார், அதோடு திட்டம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் மைக்கை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள்.

"ஸ்டேடியம் வரட்டு சார். அதுக்கு முன்ன அவரை எடுத்துத் தாங்க."

தோண்டியது

அந்த மூலையைத் தோண்டிப் பார்க்காமல் அனுமதி இல்லை என்று முடிவானது. தாசில்தாரும் போலீசும் நிற்கத் தோண்டினார்கள். மத்தியானத்தில் எலும்புகள் தெரிந்தன. இடுப்பில் கிடந்த பெல்ட்டின் கொக்கியைப் பார்த்து, அது தேவதாஸ்தான் என்று அக்கா சொன்னார். அழவில்லை. சர்ச் கல்லறையில் இடம் கேட்க ஆள் அனுப்பினார்.

அப்போது குழிக்குள்ளிருந்து ஷிபு என்னைக் கூப்பிட்டான். பக்கத்திலேயே இன்னொருவர். தேவதாசின் தோளை அணைத்தாற்போல ஒரு கை. காணாமல்போனதாக அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரையும் யாரும் தேடவில்லை. அது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அதனால் எங்கள் அனுமதியும் அப்படியே நிற்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் அன்றைக்கு அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் முதல்முறையாகத் தெளிந்தது.

"அப்பம் இத்தன காலமும் அவரு ஒற்றைக்குக் கெடக்கல்ல, இல்லியா? ரெண்டு பேருக்கும் இடம் கேளுங்க."

'நிலத்தில் தற்போது குடியிருப்போர்' என்ற கேள்விக்கு 'யாருமில்லை' என்று எழுதித்தான், ஐயா, எங்கள் தொழிலில் எந்த விண்ணப்பமும் ஆரம்பிக்கிறது.